பசியாறலுக்கு இங்கிலீஷில் என்ன?

ஜானகியின் வாளியிலிருந்து சோற்றுப் பொட்டலத்தை எடுத்தவள் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் கதை கட்டுகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

மலாக்காப் பக்கம், நியாலாஸிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து நாலாவது வருஷம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் ஒரு பருக்கை கொடுத்துவிடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். சாப்பிடும் பொருள் எதுவும் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் பால் வெட்டப் போகிறவர்கள் ரொட்டியோ பழைய சோறோ கட்டிக்கொண்டு போய், ஒன்பது மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள்; காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அது போயிற்று. சீனி போட்ட கோப்பிகூடப் போயிற்று. காலையில் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போனால், பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்பும்வரை வெறும் வயிறு.

ஆண்களை மாத்தாக்கள், அதாவது காவலுக்கு நிற்கும் மலாய் போலீஸ்காரர்கள், தடவிப் பார்த்து அனுப்பினார்கள். பெண்களை யார் தடவுவது? படித்தவள், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் பெண்டாட்டி, கான்வெண்டில் ஐந்தாம் ஸ்டாண்டர்ட் வரை இங்கிலீஷ் கற்றவள் என்று தோட்ட மானேஜர் பெரிய துரை என்னைப் பிடித்து அந்த வேலையில் போட்டுவிட்டார். நான் கேட்டேனா? இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுவும் இல்லை.

நான் அந்த வேலையைச் செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஒரு தட்டு, வாளிக்குள் ஒரு பார்வை, "ம், போ." யாராவது தலைத்துணியில் இரண்டு பிஸ்கட் முடிந்து வைத்திருந்தால் என் கைக்குத் தெரியும், என் வாய்க்குத் தெரியாது. இரண்டு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு எந்தப் படையும் சண்டை போட முடியாது என்பது என் கணக்கு.

அன்றைக்கு மட்டும் என் முதுகுக்குப் பின்னால் போலீஸ் துரை வந்து நின்றுகொண்டார். ஜாசினிலிருந்து விடிவதற்கு முன்பே கவச வண்டியில் புறப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்திருந்தார். சின்ன வயது. சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்தான். சிரித்தாலும் சரி, கோபப்பட்டாலும் சரி, முகம் சிவந்துவிடும். நம் ஆட்கள் அவருக்குத் தக்காளித் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வரிசையில் ஜானகி வந்தாள். இருபத்து மூன்று வயது. ஒன்பதாம் நம்பர் காட்டில் அவளுக்கு வெட்டு மரம். புருஷன் டுரியான் துங்காலில் லாரி ஓட்டுகிறான், சனிக்கிழமைதான் வருவான். எட்டு மாதக் கைக்குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வாளிக்குள், உறைந்த ரப்பர் பாலைச் சேர்க்கும் கட்டிப்பால் பை கிடந்தது. அதற்கடியில் என் விரலுக்கு ஒரு வாழையிலைப் பொட்டலம் தட்டுப்பட்டது. நான் அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, "ம், போ" என்றேன். ஆனால் சோறு அப்போதுதான் வடித்தது போலிருக்கிறது. வாளியிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. நான் எதை மறைத்தாலும் ஆவியை எப்படி மறைப்பேன்?

"அது என்ன?" என்று துரை பிரம்பால் காட்டினார். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். ஒரு பிடி வெள்ளைச் சோறு, மேலே எள், ஓரத்தில் ஒரு துண்டு வாழைப்பழம்.

வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனால் வருஷக்கணக்கில் ஜெயிலில் போடலாம் என்று கேட்டிலேயே நாலு பாஷையில் எழுதி மாட்டியிருந்தது. ஜானகிக்கு எந்தப் பாஷையும் படிக்கத் தெரியாது, ஆனால் அர்த்தம் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கிராணியம்மா, புள்ளைக்குப் பத்து மணிக்குப் பால் குடுக்கணும்" என்றாள்.

பெரட்டுக் கொட்டகையில், காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கும் இடத்தில்தான், மேசை போட்டு விசாரணை வைத்தார்கள். பெரிய துரை தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மொழிபெயர்க்க என் வீட்டுக்காரர் அம்புரோஸை ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கலவரமாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அதற்குப் பதிலாக டிக்‌ஷனரி படிப்பார். மலாக்கா டவுனில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய டிக்‌ஷனரி, அம்மிக்கல் கனம் இருக்கும். காலையில் எழுந்து ஜெபம் சொன்னதும் அதில் ஒரு வார்த்தை எடுத்து, அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று எனக்கு விளக்குவார். நான் அடுப்போடு போராடிக்கொண்டிருப்பேன். விண்டோ என்றால் ஆதியில் காற்றின் கண் என்று அர்த்தமாம். அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவது கிடையாது. "அக்னஸ், காற்றோட கண்ண மூடு, மழ வருது" என்பார். என் தலையில் அடித்துக்கொள்ளவா, இந்த மனிதனை அணைத்துக்கொள்ளவா என்று தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. மொழிபெயர்ப்பதில் அவர் மகா நேர்மையானவர். அந்த நேர்மையில் மண் விழ. யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே இங்கிலீஷில் வைப்பார். ஆட்களை வேலை வாங்கும் தண்டல் மாயாண்டி ஒரு தடவை கோபத்தில் "இந்தத் தொரை தலையில இடி விழ" என்று முணுமுணுத்ததை, பெரிய துரை என்ன என்று கேட்க, இவர் அழகான இங்கிலீஷில் சொல்லி, "இது வானிலை பற்றிய செய்தி அல்ல, விருப்பம்" என்று விளக்கமும் கொடுத்தார். மாயாண்டி தண்டனையாக ஒரு மாதம் காண்கான், அதாவது வாய்க்கால், வெட்டினார். ஏனய்யா இப்படிச் செய்தீர் என்று கேட்டால், "நான் நாக்கு மட்டுந்தான் அக்னஸ். நாக்கு சொந்தமா யோசிக்கக் கூடாது" என்பார். இந்த நாக்கை நம்பித்தான் ஜானகி நின்றாள்.

விசாரணை தொடங்கியது. போலீஸ் துரை இங்கிலீஷில் கேட்பார், இவர் தமிழில் கேட்பார், அவள் சொல்வாள், இவர் இங்கிலீஷில் வைப்பார்.

"இந்தச் சோறு யாருக்கு?"

"எங்கப்பாவுக்குங்க."

"உன் அப்பா எங்கே இருக்கிறார்?"

"சயாமுக்குப் போனாருங்க."

என் வீட்டுக்காரர் அதைச் சொன்னதும் துரையின் பென்சில் நின்றது. கம்யூனிஸ்டுகளின் பெரிய தலைகளெல்லாம் சயாம் எல்லையில் பதுங்கியிருப்பதாகப் பேச்சு. துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் கடைசியாக எப்போது இங்கே வந்தார்?"

"போன ஆடிக்கு வந்தாருங்க. ஒம்பதாம் நம்பர்ல, தொரியான் மரத்துல ஒக்காந்திருந்தாரு. நான் கூப்புட்டதும் எறங்கி வந்து சாப்புட்டுப் போனாரு."

"தனியாகவா?"

"இல்லிங்க, கூட ரெண்டு மூணு பேரு வந்தாங்க."

"என்ன உடை?"

ஜானகிக்குக் கேள்வி விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "கறுப்புங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் "கறுப்பு" என்று இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் தக்காளியையும் தாண்டிவிட்டது. மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேட்டை. அந்தக் கொட்டகையில் நின்ற அத்தனை தமிழருக்கும் அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியும். அதைச் சொல்லும்படி கேள்வி வரவில்லை என்பதால் என் வீட்டுக்காரர் மட்டும் சொல்ல மாட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "காக்கா!" என்று கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த கான்வெண்ட் இங்கிலீஷில், "அவள் அப்பா செத்துப்போனார் சார். வருவது காக்கை. இன்றைக்கு ஆடி அமாவாசை. செத்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்பது இவர்கள் நம்பிக்கை" என்றேன்.

துரை என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இது உண்மையா?"

"உண்மைதான் சார். ஜப்பான்காரன் காலத்தில் அவள் அப்பா இருளாண்டியை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. இறந்த தேதி தெரியாது. தேதி தெரியாதவர்களுக்கு இந்த அமாவாசைதான்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை சார்."

வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் போலீஸ் துரைக்கு வேட்டையை விட மனமில்லை. வயிற்றுக்கே பங்கீட்டு அரிசி பத்தாத ஊரில், ஒரு கூலிப் பெண் தன் சோற்றைக் காக்கைக்குப் போடுவாளா? காக்கைக்குத்தான் என்றால் வேலிக்கு உள்ளேயே போட்டால் என்ன?

இதற்கு ஜானகி பதில் சொன்னாள். "உள்ள ஏதுங்க காக்கா? சிந்துன சோறு கெடந்தாத்தான காக்கா வரும்? வேலி போட்டதுலேருந்து எங்க லயத்துல யாரு சோறு சிந்துறா?"

என் வீட்டுக்காரர் இதையும் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் வைத்தார். பெரிய துரை குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"சரி, இவள் என்ன சாப்பிட்டாள்?"

"நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்புடலிங்க. விரதம். அப்பா சாப்புட்ட பெறகுதான் நான் பசியாறணும்."

என் வீட்டுக்காரர் மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் என் அடுப்பங்கரையில் வருகிற வெளிச்சம்தான்.

"சார், 'பசியாறணும்' என்று அவள் சொன்னாளே, அந்தப் பசியாறலுக்கு உங்கள் பாஷையில் பிரேக்ஃபாஸ்ட். ஆனால் அந்த வார்த்தையை அப்படியே தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிமிஷம் அனுமதி கொடுங்கள்." என் பக்கம் திரும்பி, "அக்னஸ், டிக்‌ஷனரிய எடுத்துட்டு வா" என்றார்.

ஓடினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தப் புத்தகத்தை நான் ஆசையாகத் தூக்கியது அன்று ஒருநாள்தான்.

மேசையில் விரித்து, விரலை வைத்துப் படித்தார். பிரேக் என்றால் முறிப்பது. ஃபாஸ்ட் என்றால் உபவாசம். இரண்டும் பழைய இங்கிலீஷ் சொற்கள். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒட்டிப் பிறந்தது இந்த வார்த்தை. இரவெல்லாம் வாய் கட்டியிருந்து காலையில் விரதம் முறிக்கும் சாப்பாடுதான் பிரேக்ஃபாஸ்ட்.

"எங்கள் வேதத்திலும் இது உண்டு சார். நற்கருணை வாங்குகிற நாளில் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் படக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை ஃபாதர் வந்து பூசை வைத்து முடிக்கப் பத்து மணியாகும். அதற்குப் பிறகு நான் சாப்பிடுவதுதான் பிரேக்ஃபாஸ்ட். மற்ற நாளில் நான் சாப்பிடுவது வெறும் தோசை. உங்கள் பாட்டன் பூட்டன் நிஜமாகவே விரதம் முறித்தார்கள் சார். நீங்கள் விரதத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். இந்தப் பெண்ணிடம் பெயர் இல்லை, விரதம் இருக்கிறது. இந்தக் கொட்டகையில் இன்றைக்கு நியாயமாகப் பிரேக்ஃபாஸ்ட் சாப்பிடப் போகிறவள் இவள் ஒருத்திதான். அவள் அப்பா சாப்பிடாமல் அவளால் அதைச் சாப்பிட முடியாது."

இந்த மனிதனுக்கா நான் வாழ்க்கைப்பட்டேன் என்று எனக்கே பெருமையாகிவிட்டது. பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விடியற்காலையில் ஒரு கப் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு வந்து, தோட்டமெல்லாம் சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத்தான் பங்களாவில் முட்டையும் ரொட்டியுமாகச் சாப்பிட உட்காருவார். எல்லாத் தோட்டத்துத் துரைமார்களுக்கும் அதுதான் வழக்கம். தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "கிராணி சொல்வதில் விஷயம் இருக்கிறது" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? நாக்கு வார்த்தை ருசி கண்டுவிட்டது. சரசரவென்று பக்கத்தைத் திருப்பினார்.

"இன்னொரு வேடிக்கை சார். டின்னர் என்பதும் இதே குடும்பம்தான். பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் ஆதி அர்த்தம் உபவாசம் முறிப்பதுதான்."

போலீஸ் துரை நிமிர்ந்தார். "அப்படியானால் ராத்திரிச் சாப்பாடும் விரதம் முறிப்பது. மத்தியானச் சாப்பாடு?"

"லஞ்ச் சற்றுச் சந்தேகம் சார். பெரிய துண்டு என்று ஒரு அர்த்தம் போட்டிருக்கிறது."

"அதாவது, உங்கள் கணக்குப்படி இவள் எந்த வேளை சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் அது புண்ணியம்."

நான் போய் டிக்‌ஷனரியை மூடினேன். அவர் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. மாட்டட்டும்.

பெரிய துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதற்கு வாதம்? அந்தக் காக்கையையே கேட்டுவிடலாம்" என்றார்.

போலீஸ் துரை யோசித்தார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "எட்டரை மணிவரை" என்றார். அதற்குள் காக்கை வந்து இந்தச் சோற்றைத் தின்றால் அவள் சொல்வது உண்மை. வராவிட்டால் ஜாசின் லாக்கப், பிறகு கோர்ட்டு.

முன்னால் கவச வண்டி, பின்னால் துப்பாக்கியோடு எட்டு மாத்தாக்கள், அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் பெரிய துரை, நடுவில் வாளியோடு ஜானகி, அவள் பக்கத்தில் டிக்‌ஷனரியோடு என் வீட்டுக்காரர், கடைசியில் நான். ஒன்பதாம் நம்பருக்கு இப்படி ஒரு ஊர்வலம் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. ஒரு காக்கையைச் சந்திக்கத்தான் போகிறோம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஜானகி ஒரு வெட்டுமரக் கட்டையைத் துடைத்து, இலையை விரித்து, சோற்றை வைத்துக் கும்பிட்டாள். "கா... கா... அப்பா, வாங்கப்பா" என்று கூப்பிட்டாள்.

ஓரத்துத் தொரியான் மரத்தில் காக்கை இருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்தது. இறங்கவில்லை.

"துப்பாக்கிய கீழ வைக்கச் சொல்லுங்க, அதுக்குப் பயமா இருக்கு லா" என்றேன். என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். ரப்பர் காட்டு நடுவில் துப்பாக்கியைக் கீழே வைக்கும் பைத்தியக்காரன் தான் இல்லை என்றார் போலீஸ் துரை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் லாரியைச் சுட்டிருந்தார்கள்.

எட்டு மணி ஆயிற்று. எட்டேகால் ஆயிற்று. ஜானகி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவள் ரவிக்கையின் முன்புறம் பால் கட்டி நனைந்திருந்தது. என் கை செய்த காரியம்தானே இது. அந்தப் பொட்டலத்தை இன்னும் ஒரு விரற்கடை ஆழமாகத் தள்ளியிருக்கக் கூடாதா? பதுவை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். காக்கை வருவதற்காக நேர்ந்த முதல் கத்தோலிக்கச்சி நானாகத்தான் இருப்பேன்.

எட்டு இருபத்தைந்து. போலீஸ் துரை கவச வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார். வெயில் ஏறிவிட்டது. பாவம், விடிவதற்கு முன்னால் புறப்பட்ட பையன், அவரும் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு கூப்பிடும் சத்தம் எனக்கே கேட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நடுவில் என்னவோ வைத்து மடித்த இரண்டு துண்டு ரொட்டி. வாயைத் திறந்தார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கறுப்பாக ஒன்று அவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. அடுத்த நிமிஷம் காக்கை தொரியான் மரத்தில் இருந்தது, ரொட்டி காக்கையின் வாயில் இருந்தது, துரை கையில் காகிதம் மட்டும் இருந்தது.

மாத்தாக்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். பெரிய துரை அடக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆக, இன்று காலை வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொண்டுவந்ததுதான் காட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது" என்றார்.

போலீஸ் துரைக்குக் கோபம் வந்தது. இலைச் சோற்றைக் காட்டி, இதைத் தொடவில்லையே என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் ஜானகி அவர் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் அழாதவள் அப்போது தேம்பித் தேம்பி அழுதாள்.

"தொரை, சயாம்லேருந்து திரும்பி வந்த சின்னத்தம்பி மாமா சொன்னாரு. எங்கப்பா கடேசி நாள்ல ரொட்டி ரொட்டின்னே கேட்டுக்கிட்டு இருந்தாராம். யாருகிட்டயும் இல்லியாம். அப்பிடியே போயிட்டாராம். நான் வருசா வருசம் சோத்தையே வச்சேன், எனக்கு அது தோணல. நீங்க குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

என் வீட்டுக்காரர் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே இங்கிலீஷில் வைத்தார். போலீஸ் துரை குனிந்து தொப்பியை எடுத்தார். அதைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஜானகி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த ரொட்டிக்குள்ள என்னா வச்சிருந்தீங்க தொரை? எங்கப்பா என்னா சாப்புட்டாரு?"

என் வீட்டுக்காரர் கேட்டார். துரை சொன்னார், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி என்று.

எனக்கு விளங்கிவிட்டது. பெரிய துரைக்கும் விளங்கிவிட்டது, மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜானகிக்கு மட்டும்தான் தெரியாது. ஆடி அமாவாசை, அவள் அப்பா, மாட்டிறைச்சி. இதை அவளிடம் சொன்னால் அவள் இந்த ஜென்மத்தில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடமாட்டாள். சொல்லாமல் இருக்க வேண்டியதோ என் வீட்டுக்காரர். கிராணி வேலைக்கு வந்து பதினோரு வருஷமாக ஒரு சொல் மாற்றாத நாக்கு. நான் அவர் முழங்கையைக் கிள்ளக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

அவர் டிக்‌ஷனரியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஜானகியைப் பார்த்தார்.

"ஜாமாம்" என்றார்.

ஜாம் என்ற வார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. போலீஸ் துரையின் தலை சட்டென்று திரும்பியது. முகம் சிவந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். விசாரணையில் போலீஸ் முன்னாலேயே மாற்றிச் சொன்ன கிராணிக்கு வேலையும் இருக்காது, வெளியே இருப்பாரா என்பதும் சந்தேகம். ஜானகியோடு சேர்த்து இவரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். துரை என் வீட்டுக்காரரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜானகியைப் பார்த்தார். அவள் கைகூப்பியபடியே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். மேலே காக்கை ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"ஸ்ட்ராபெரி" என்றார் துரை.

"ஸ்ட்ராபெரின்னா என்னாங்க?" என்று ஜானகி கேட்டாள்.

"ஒரு பழம். ரொம்ப இனிப்பா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். இது நிஜம்.

துரை நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். ஜானகி கட்டையருகே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். அப்பா சாப்பிட்டாயிற்று, இனி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் சாப்பிடலாம். மாத்தாக்கள் இஸ்லாமியர்கள், படைத்த சோறு தொடமாட்டார்கள். அவள் அவர்களுக்குக் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தாள். பெரிய துரைக்கு ஒரு உருண்டை. போலீஸ் துரை கையை நீட்டலாமா வேண்டாமா என்று தடுமாறினார், பிறகு நீட்டினார். என் வீட்டுக்காரருக்கு ஒன்று. எனக்கு ஒன்று, என் கையைப் பிடித்து உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள்.

படையல் சோறு எங்கள் வேதத்துக்கும் ஆகாது. அந்த மாதம் ஃபாதர் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் என் வீட்டுக்காரர் இரண்டு பாவம் சொல்ல வேண்டியிருந்தது, நான் ஒன்று. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயில் போட்டுக்கொண்டேன். எள் கொஞ்சம் தூக்கல். ஜானகி கடைசி உருண்டையைத் தான் சாப்பிட்டு, இலையில் ஒட்டியிருந்த பருக்கையையும் வழித்துத் தின்றாள். வழக்குக்கு இருந்த ஒரே சாட்சியம் அதோடு தீர்ந்துவிட்டது.